படித்துச் சொல்ல வந்தவள்

அத்தியாயம் 14

ஹில்டாவுக்குக் கண் மங்கிய கதையும், அந்தக் கண்ணுக்குப் பதிலாக ஒரு மருமகள் வந்த கதையும் தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருப்பவள் ஹில்டா. சோறு இல்லாமல் இருந்துவிடுவாள், வாரப் பத்திரிகைத் தொடர்கதை இல்லாமல் இருக்கமாட்டாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எழுத்து கலங்க ஆரம்பித்தபோது, கத்திக்குப் பயந்து அவள் ஆஸ்பத்திரி பக்கமே போகவில்லை. மகன் இக்னேஷியஸுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாள். காத்திவாக்கத்தில் ஒரு கட்டுமரக்காரர் வீட்டில், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த ஃப்ளோரன்ஸ் கிடைத்தாள். பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டி, "இத்த படி" என்றாள். ஃப்ளோரன்ஸ் தடுமாறாமல் படித்தாள். அழ வேண்டிய இடத்தில் அவள் குரல் தானாகத் தழுதழுத்தது. அதே இடத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

மூன்று வருஷமாகிறது. போன வாரம், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மா செசிலி மகளைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்ல ஃப்ளோரன்ஸின் தம்பி யேசுதாஸ் வந்தான். ஹில்டா அவனைப் படியேற விடவில்லை. "அனுப்பறோம், அனுப்பறோம். நீ போ" என்று தெருவிலிருந்தே திருப்பி அனுப்பினாள். அது ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அனுப்பவில்லை.

இக்னேஷியஸ் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். ராத்திரி ஷிப்ட் முடிந்து அன்று காலை வீட்டுக்கு வந்தவன், முகம் கழுவக்கூடப் போகாமல் நேராக அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அடுப்படியில் இருந்த ஃப்ளோரன்ஸுக்கு இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை.

நமக்காகத்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். நேற்று சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்பும்போது காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருந்தாள். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கும்போல என்று மனசுக்குள் ஒரு நன்றிகூடச் சொல்லிக்கொண்டாள். பாவம்.

தட்டில் ஆப்பத்தை வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "அத்தகிட்ட பேசினீங்களா?"

"ம்."

"இன்னா சொன்னாங்க?"

அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா சொல்லும். என்னைத் தூங்க வுடு."

ஆப்பம் நாலையும் தின்று கை கழுவிவிட்டு, உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். களைப்பு என்று அவள் நினைத்தாள். எதையும் நல்லபடியாக நினைக்கிற வியாதி அவளுக்குக் கதை படித்து வந்தது.

ஹில்டாவும் அன்று வழக்கம்போல இல்லை. மற்ற நாட்களில், "இன்னாடி, கருவாட்டு வாடை வூட்டத் தூக்குது, குளிச்சியா இல்லியா" என்றுதான் காலை விடியும். அன்று, "ஏம்மா ஃப்ளோரன்ஸு, இங்க வா" என்றாள். அந்த 'ம்மா'வைக் கேட்டு ஃப்ளோரன்ஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்மண்டபத்துக் கடைல புத்தகம் வந்திருக்கும். சுருக்காப் போய் வாங்கியாந்துடு. வழில நின்னு யார்கிட்டயும் பேசிகினு இருக்காத. மத்தியானம் படிக்கணும்."

"சரி அத்தே."

"போன வாரம் கதைல அந்தப் பொண்ணோட அம்மாக்கு ஒடம்பு முடியலன்னு நிறுத்திட்டான் பாவி. எனக்கு வாரம் பூரா அதே நெனப்பு."

ஃப்ளோரன்ஸுக்கும் அதே நினைப்புதான். சொல்லப்போனால் இரண்டு அம்மாக்களின் நினைப்பு.

அந்தக் கதையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏதோ ஒரு ஊரில் ஒரு பெரிய வீடு. கூடத்தில் ஊஞ்சல். மாமியார் பெயர் விசாலம், மருமகள் பெயர் சாருமதி. மாமியார் மருமகளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். மாமனார் முறுக்கு டப்பாவை ஒளித்து வைப்பார், நாத்தனார் அதைக் கண்டுபிடிப்பாள். பாயசத்தில் யாருக்கு முந்திரி அதிகம் விழுந்தது என்று ஒரு வாரம் முழுக்கச் சண்டை நடந்தது, அதைப் படித்து ராயபுரமே சிரித்தது. அந்த வீட்டில் யாரும் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கவில்லை. கொடியில் காய்கிற வேட்டியில் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து படியவில்லை. முக்கியமாக, யாரும் யாரையும் நாறுகிறாய் என்று சொல்லவில்லை.

ஃப்ளோரன்ஸ் அந்த வீட்டில்தான் குடியிருந்தாள். ஹில்டா அவளை ஏசும்போதெல்லாம் கை பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கும், அவள் அங்கே போய்விடுவாள். அவர்கள் வரிசையாகச் சாப்பிட உட்காரும்போது சாருமதிக்கு அடுத்தாற்போல் தனக்கும் ஒரு இலை போட்டு வைத்திருந்தாள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? மூன்று வருஷத்தை அவள் ஓட்டியது அந்த இலையை வைத்துத்தான்.

அதைவிடப் பெரிய ஆறுதல் ஒன்றும் இருந்தது. படிக்கிற அந்த ஒரு பொழுதில் ஹில்டாவும் அந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். சாருமதிக்குக் காய்ச்சல் என்றால் ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சாருமதியை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், "அவ கை அழுவ" என்று சபிப்பாள். எவளோ ஒரு மருமகளுக்காக அழத் தெரிந்தவள் என்றைக்காவது நமக்காகவும் ஒரு சொட்டு விடமாட்டாளா என்று ஃப்ளோரன்ஸ் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்தவள் கோயில் மதிலோரமாக நிழலில் நின்றாள். முதலில் தான் படித்துவிட வேண்டும் என்பது அவளுடைய திருட்டுச் சந்தோஷம். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

அன்று அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

சாருமதி மாமியாரிடம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்கிறாள். விசாலம் வழக்கம்போல அவளை மணையில் உட்காரவைத்துத் தலையை வாரிக்கொண்டே சொல்கிறாள்: 'நவராத்திரி வருகிறது. ஊரே கொலுவுக்கு வரும் நேரத்தில் நீ இல்லாவிட்டால் எனக்கு அல்லவா தலைகுனிவு? உன் அம்மா பத்து நாள் பொறுக்கமாட்டாளா?' சாருமதி தலையாட்டுகிறாள். பட்சணத்துக்கு மாவு பிசைகிறாள். கடைசி வரியில் தந்திக்காரன் வாசலில் நிற்கிறான்.

எழுதியவருக்கு அந்த வாரம் வீட்டில் என்ன சண்டையோ.

அந்த வீட்டிலுமா என்றுதான் ஃப்ளோரன்ஸுக்கு முதலில் தோன்றியது. இதை இன்று மத்தியானம் தன் வாயாலேயே ஹில்டாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஹில்டா கேட்டுவிட்டு என்ன சொல்வாள்? விசாலமே அனுப்பவில்லை, நான் அனுப்பணுமா என்பாள். காத்திவாக்கத்தை அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

வீட்டுக்குத் திரும்புவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு எண்ணம் வந்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ஹில்டா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். வழக்கமாக ஃப்ளோரன்ஸின் இடம் தரை. அன்று ஹில்டா நாற்காலியைக் காட்டினாள்.

"அதுல உக்காரு. வெளிச்சம் நல்லா விழும்."

உள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. ஃப்ளோரன்ஸ் பத்திரிகையைப் பிரித்தாள். முதல் அரைப் பக்கம் உள்ளபடியே படித்தாள். சாருமதி தயங்கித் தயங்கிக் கூடத்துக்கு வருகிறாள். விசாலம் சீப்பை எடுக்கிறாள்.

அந்த இடத்தில் அவள் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். கண் எழுத்தின்மேல் இருந்தது. வாய் வேறு எங்கோ போயிற்று.

"'அசட்டுப் பெண்ணே, பெற்றவளைப் பார்க்கப் போவதற்கு என்னிடம் உத்தரவு எதற்கு?' என்றாள் விசாலம். 'நானும் ஒரு தாய்தான். எனக்கு உடம்புக்கு வந்தால் என் மகள் எவள் வீட்டு வாசலிலோ கைகட்டி நிற்க வேண்டுமா? நவராத்திரி அடுத்த வருஷமும் வரும். கிளம்பு.'"

"ஆண்டவரே" என்றாள் ஹில்டா.

ஃப்ளோரன்ஸுக்குத் தைரியம் வந்துவிட்டது. எழுத்தாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதை அவள் சும்மாவே செய்தாள். விசாலம் தன் கையால் கட்டுச் சாதம் கட்டிக் கொடுத்தாள். மாமனார் ரயில் வண்டி வரைக்கும் வந்து ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். நாத்தனார் அழுதாள். சாருமதி வண்டியில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள்.

ஹில்டா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள். "இவ பொம்பள. மன்சுன்னா இது மன்சு. நம்ம சந்துல கீற கய்தைங்க இவ கால் தூசிக்கு வருமா?"

இதுதான் சமயம். ஃப்ளோரன்ஸ் பத்திரிகையை மடியில் வைத்தாள்.

"அத்தே."

"இன்னாம்மா."

"எங்கம்மாவும் அப்பிடித்தான் கெடக்குது. நான் ஒரே ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். ராத்திரிச் சோத்துக்கு ஒலை நானே வெப்பேன்."

ஹில்டா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். புரை விழுந்த கண்ணில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"போய்ட்டு வா" என்றாள். "நான் இன்னா வேணான்னா சொன்னேன்? இன்னைக்கே போ."

 ஃப்ளோரன்ஸ் நாற்காலியிலிருந்து இறங்கி அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கதைதான் இவளை மாற்றிவிட்டது என்று நினைத்தாள். சிரிக்காதீர்கள். அந்த நிமிஷத்தில் நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

"இரு, இரு. கடைசிப் பக்கம் கீதுல்ல?" என்றாள் ஹில்டா. "அத்தையும் முடிச்சுட்டுப் போ. அவ அம்மா பொயச்சாளா இல்லியான்னு தெரியாம ஒரு வாரம் என்னால இருக்க முடியாது."

ஃப்ளோரன்ஸ் மறுபடியும் உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தில் தந்திக்காரன் நின்றுகொண்டிருந்தான். அவனை அவள் துரத்திவிட்டாள். சாருமதி வீட்டுக்குள் நுழைகிறாள். அம்மா கண் திறக்கிறாள். 'வந்துட்டியாம்மா' என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். வைத்தியர், 'மகள் முகத்தைப் பார்த்ததே மருந்து' என்கிறார். படிக்கப் படிக்க ஃப்ளோரன்ஸுக்கே அது தன் அம்மாவின் கைதான் என்று இருந்தது. குரல் நிஜமாகவே உடைந்தது.

ஹில்டா திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டவள் விடுகிற மூச்சு.

அப்போதுதான் வாசலில் யேசுதாஸ் வந்து நின்றான். இந்தத் தடவை அவன் உத்தரவு கேட்கவில்லை. நேராகப் படியேறி உள்ளே வந்துவிட்டான். தலை கலைந்திருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"இன்னாக்கா, நாற்காலி போட்டு உக்காந்துகினு கீற?"

"யேசு, நான் இதோ கெளம்பிட்டேன்டா. அத்த அனுப்பறேன்னுட்டாங்க."

"எப்ப கெளம்பற? காலைலருந்து அம்மாவப் பொட்டில வச்சிகினு உனுக்காகக் காத்துகினு கீறோம். சாமியார் ரெண்டு தபா ஆள் வுட்டுட்டாரு. மூஞ்சிய மூட மாட்டேன்னு நான் சண்ட போட்டுட்டு வரேன்."

ஃப்ளோரன்ஸுக்குப் புரியவில்லை. புரியாமல் இருக்க அவள் முயற்சி செய்தாள் என்பதுதான் சரி. "எந்தப் பொட்டி?" என்று கேட்டாள்.

யேசுதாஸ் அக்காவைப் பார்த்தான். பிறகு ஹில்டாவைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"சொல்லலியா உனுக்கு? விடியக்காலைல போச்சுக்கா. ஐஸ் லாரி ஜாபரை நேரா ஹார்பர் கேட்டுக்கே அனுப்பிச்சேன். மச்சான்கிட்டயே சொல்லிட்டேன்னு ஜாபர் வந்து சொன்னானே."

 சாத்திய கதவுக்குப் பின்னால் கட்டில் ஒரு தரம் கிறீச்சிட்டது. தூங்குகிறவன் புரளுகிற சத்தம் அல்ல அது. எழுந்து உட்காருகிற சத்தம்.

ஃப்ளோரன்ஸ் மாமியாரின் பக்கம் திரும்பினாள். "அத்தே, உங்களுக்குத் தெரியுமா?"

ஹில்டா மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"தெரியும். சொல்லலாம்னுதான் இருந்தேன். கதை முடியட்டும்னு பாத்தேன். நீ அயுதுட்டுக் கெளம்பிட்டா அப்புறம் யாரு படிப்பா? அடக்கம், காரியம்னு பத்து நாள் அங்கயே தங்கிடுவ." நியாயம் பேசுகிற குரலில் மேலும் சொன்னாள்: "செத்தவ எயுந்து ஓடிடப் போறாளா? ஒரு மணி நேரம் முன்ன பின்ன."

நான் இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் ஃப்ளோரன்ஸ் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் அழவில்லை. சாருமதியின் அம்மாவுக்காகச் சற்று முன் உடைந்த குரல் இப்போது உடையவில்லை. காலையில் 'ம்மா' என்று கூப்பிட்டது ஏன், நாற்காலி கொடுத்தது ஏன், யாரிடமும் நின்று பேசாதே என்றது ஏன் என்று ஒவ்வொன்றாக விளங்கியது. இன்னைக்கே போ என்றதும் விளங்கியது.

"வாக்கா" என்று யேசுதாஸ் கையைப் பிடித்தான். "லாரி முனைல நிக்கிது."

இரண்டு அடி நடந்தவள் நின்றாள்.

"அத்தே, நான் படிச்சது அதுல இல்ல."

"எது?"

"விசாலம் அவளை அனுப்பல. கட்டுச் சாதம் கட்டித் தரல. நானா சொன்னேன்."

ஹில்டாவின் முகத்தில் இருந்த திருப்தி அப்படியே நின்றது. "இன்னாடி ஒளர்ற?"

"இன்னைக்கு மட்டும் இல்ல. மூணு வருஷமா அப்பிடித்தான். பாதி புத்தகத்துல இருக்கும், பாதி என் வாய்ல வந்தது. நீங்க பழைய கதையெல்லாம் பைண்டு பண்ணி அலமாரில அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணுலயும் நீங்க கேட்டது முயுசா இருக்காது."

அது பொய். அந்த வெள்ளிக்கிழமை வரை ஒரு கமாவைக்கூட அவள் மாற்றியதில்லை. கன்னியாஸ்திரீகள் அவளை அப்படி வளர்த்திருந்தார்கள்.

ஆனால் பொய் என்று ஹில்டாவுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குக் கண் ஏது? கட்டிலை விட்டு எழுந்து, காற்றில் கையை நீட்டிக்கொண்டு ஓரடி வந்தாள்.

"அந்தப் பாயசச் சண்டை?"

ஃப்ளோரன்ஸ் பத்திரிகையைச் சுருட்டினாள்.

"மாமனாருக்கு மார்வலி வந்து பொயச்சாரே. அது? ஏய், சொல்லுடி. சாருமதிக்குச் சீமந்தம் பண்ணாங்களே, அதுகூடவா?"

முதல் தடவையாக ஹில்டாவின் குரலில் பயம் இருந்தது. யாரோ அவள் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போவதுபோல அவள் பதறினாள். அதைப் பார்க்க ஃப்ளோரன்ஸுக்கு இனித்தது. பெற்ற தாய் பெட்டியில் கிடக்கிற நாளில் அவளுக்கு இனித்தது என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. என்ன செய்ய, இனித்தது. அந்தக் கதை வீட்டைத் தனக்கும் சேர்த்துத்தான் இடிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

சுருட்டிய பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினாள்.

பின்னால் உள் அறைக் கதவு திறந்தது. இக்னேஷியஸ் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "ஃப்ளோரா, இரு. நானும் வரேன்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க அவள் திரும்பவில்லை.

"மச்சான் வர்றாராக்கா? நிக்கட்டா?" என்று யேசுதாஸ் கேட்டான்.

அவள் நடந்துகொண்டேயிருந்தாள். சந்து முனையில் ஜாபர் லாரிக் கதவைத் திறந்து வைத்திருந்தான். ஐஸ் உருகிய தண்ணீர் பின்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

ஹில்டா சுவரைத் தடவித் தடவிச் சந்துக்கே வந்துவிட்டாள். சுற்றி யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு இல்லை. மகன் பிடித்த கையை உதறினாள்.

"ஃப்ளோரன்ஸு, நான் உன்னை ஒண்ணும் சொல்லல. அந்தச் சாருமதி இப்ப எந்த வூட்ல கீறா? அம்மா வூட்லயா, மாமியா வூட்லயா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போம்மா."

ஃப்ளோரன்ஸ் ஜாபரிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.